ஷூவுக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 31 வருடம் இருந்தேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை உண்டு. திரும்பி வந்த ஷூக்கள் அதில் கிடக்கும். ஜெர்மனியில் யாரோ ஒருவர் வாங்கி, நான்கைந்து மாதம் போட்டு நடந்து, முன்பக்கம் சோல் லேசாக வாய் திறந்ததும் கடையில் கொண்டுபோய்ப் போட்டிருப்பார். கடைக்காரர் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கணக்கை இறக்குமதியாளர் தலையில் எழுதுவார். அவர் எங்கள் தலையில் எழுதுவார். அடுத்த பேமெண்ட் அந்தத் தொகை கழிந்துதான் வரும். டெபிட் நோட் என்ற இரண்டு வார்த்தையால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் எத்தனை முதலாளிகளுக்குத் தூக்கம் போயிருக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஷூவைப் போட்டவர் எப்படி நடந்தார், மழையில் நனைத்தாரா, ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயவைத்தாரா என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்க ஆசைதான், வழியில்லை. தப்பு எங்கள் மீது இல்லை என்றால் அதைக் காட்ட வேண்டியவர்கள் நாங்கள். எந்த நாள் ஓடிய பேட்ச், எந்த டிரம் பசை, ரஃபிங் சரியாகச் செய்தார்களா, சோல் ஒட்டும்போது சூடு எவ்வளவு வைத்தார்கள் என்று பதிவேட்டைப் புரட்டுவோம். பாதி நேரம் அந்தப் பதிவேடே எங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். மீதிப் பாதியில் பையர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்படிப்பட்ட மேசையிலிருந்து எழுந்து, ரிடையர் ஆன பணத்தில் 2022-ல் ஒரு கார் வாங்கினேன். வேலூர் பைபாஸில் ஷோரூம். ஒன்பது லட்சத்துச் சொச்சம், மூன்று வருட வாரண்டி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அட்டையில் செய்த பெரிய சாவியைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

9,400 கிலோமீட்டரில் சத்தம் ஆரம்பித்தது. இடது முன்சக்கரப் பக்கம், ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது மட்டும். என் பாட்டி சின்ன உரலில் வெற்றிலை இடிப்பாள், அதே சத்தம். சர்வீஸுக்கு விட்டபோது சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் மரியாதையான பையன். "நான் பார்த்துச் சொல்லிடறேன் சார்" என்றான். சாயந்திரம், "டெஸ்ட் டிரைவ் போய்ப் பார்த்தாச்சு சார், நார்மல்தான். புது வண்டி, செட் ஆகணும்" என்றான். அடுத்த வருடம் வேறு பையன். "ரோடு அப்படி சார்" என்றான். நம்ம ஊர் ரோட்டைப் பற்றி அவன் சொன்னதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டே முக்கால் வருடத்தில், சத்தம் தாங்காமல் ஆம்பூரிலேயே ஒரு மெக்கானிக் பாயிடம் காட்டினேன். அவர் ஜாக்கி கூடப் போடவில்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கம்பியைப் பிடித்து ஆட்டினார். லொட லொட. "லிங்க் ராடு சார். ஆனா நான் கை வைக்க மாட்டேன். வாரண்டியில இருக்கு, கம்பெனியிலயே காட்டுங்க. நான் தொட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். ஐந்நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை.

கம்பெனியில் போய், "லிங்க் ராடுனு மெக்கானிக் சொல்றாரு தம்பி" என்றேன். அட்வைசர் முகம் மாறியது. "வெளியில காட்டினீங்களா சார்?" திருட்டுக் கொடுத்த நான் திருடன் மாதிரி நின்றேன். "இல்லப்பா, சும்மா தெரிஞ்சவர், பார்த்தாரு அவ்வளவுதான்" என்று மென்று முழுங்கினேன். அன்றைக்கும் ஏதோ போல்ட்டை டைட் வைத்து, நார்மல் என்று அனுப்பினார்கள்.

நான்காவது முறை போனபோது மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. இப்போது நோய் உடனே பிடிபட்டது. "லிங்க் ராடு போயிருக்கு சார், அதனால புஷ்ஷும் அடிவாங்கியிருக்கு. வாரண்டி முடிஞ்சிடுச்சே. வாரண்டியில இருந்திருந்தாலும் இது வேர் அண்ட் டேர் ஐட்டம்ல வரும்." அலைன்மென்ட் சேர்த்து 6,840 ரூபாய்.

ஜாப் கார்டு என்னும் பத்திரம்

வீட்டுக்கு வந்து பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டில் சத்தம் என்ற பேச்சே இல்லை. மூன்றாவதில் 'ஜெனரல் செக்கப்' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து, மூன்றிலும், தெளிவாக.

காரைக் குறை சொல்வதற்கு முன் என்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டும். 31 வருடம் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவன், தன் காருக்கு எழுதிய பதிவேட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாவி வாங்கிக்கொண்டதற்குக் கொடுக்கும் ரசீது என்றுதான் ஜாப் கார்டை நம்மில் பலர் நினைக்கிறோம். அது பத்திரம். 'கஸ்டமர் வாய்ஸ்' என்று ஒரு கட்டம் அதில் இருக்கிறது. பெயர் நம்முடைய குரல்; எழுதுவது அவர்கள் கை. வாரண்டி முடிவதற்குள் குறையைச் சொன்னோமா இல்லையா என்பதற்கு அந்தக் கட்டத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மூன்று வருடம் வாயால் சொன்ன சத்தம் அதில் ஏறாவிட்டால், சத்தம் நேற்றுதான் பிறந்தது. இப்போதெல்லாம் காகிதம்கூட இல்லை. டேப்பை நீட்டுகிறார்கள், விரலால் கிறுக்குகிறோம், பிடிஎஃப் சாயந்திரம் வாட்ஸ்அப்பில் வருகிறது. கையெழுத்து முதலில், வாசகம் பிறகு.

அந்தக் கட்டத்தில் நம் குறை ஏறாது. நாம் கேட்காதது மட்டும் தவறாமல் ஏறும். த்ரோட்டில் பாடி கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்ஜின் டிரெஸ்ஸிங், அண்டர்பாடி கோட்டிங். பதினோரு மணிக்குப் போன் வரும், மத்தியானச் சமையல் நேரத்தில் சீட்டுக் கம்பெனிக்காரர் கூப்பிடுவது மாதிரி. ஃப்ரீ சர்வீஸ் என்பதில் ஃப்ரீ கூலி மட்டும்தான். ஆயிலும் ஃபில்டரும் காசு. இது தெரியாமல் முதல் பில்லைப் பார்த்து முழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேர் இருப்பார்கள். இதற்கு மருந்து காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அதில் இல்லாத எதற்கும் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் வாரண்டி ஒன்றும் போய்விடாது. கூடவே, 28 சதவீதம் வரி இருந்த உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான் என்பதையும் பில்லில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருக்கலாமே என்று என் மருமகன் கேட்டான். அதன் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தவன் அப்படிக் கேட்க மாட்டான். ரப்பர், புஷ், பிரேக் பேட், கிளட்ச், வைப்பர், பேட்டரி என்று தேயக்கூடிய பொருட்களைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பார்கள். நடு ரோட்டில் நம்மை நிறுத்துவது அந்தப் பொருட்கள்தான்.

நம்ம உப்பு

வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பட்டியலைத் தோல் ஊர்க்காரன் படித்தால் வேறு ஒன்றும் கண்ணில் படும். ரசாயனம், உப்பு, தொழிற்சாலைப் புகை, அமில மழை, பறவை எச்சம் இவற்றால் பெயின்டுக்கும் தகட்டுக்கும் வரும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஊட்டிக்காரருக்கு அது வெறும் வரி. நமக்கு அது முகவரி.

பேரணாம்பட்டில் எனக்குத் தெரிந்த தோல் வியாபாரி ஒருவர் இருக்கிறார். உப்புப் போட்ட பச்சைத் தோல் சாம்பிளை கோணிப்பையில் சுற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார். இரண்டரை வருடத்தில் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் தகடு அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது. கம்பெனி கை விரித்தது. அவர் சண்டை போடவில்லை. "நம்ம உப்பு நம்மளத்தானே அரிக்கும்" என்று சிரித்துக்கொண்டே ஒட்டுப் போட்டுக்கொண்டார். அது அவர் பெருந்தன்மை இல்லை, நியாயம். அவர் செய்த காரியத்துக்கு அவர் பொறுப்பு.

ஆனால் எதையும் ஏற்றாமல், தோல் பதனிடும் ஷாப் இருக்கும் தெருவில் காரை நிறுத்திவைத்த பாவத்துக்கு ஒருவர் என்ன செய்வார்? சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடி நீக்கும் தொட்டிக் கழிவிலிருந்து எழும் அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளியையும் செம்பையும் கருக்கும். அந்தத் தெருப் பெண்களின் கொலுசைக் கேட்டால் சொல்லும். ஒரு காருக்குள் எத்தனை செம்புக் கம்பி, எத்தனை கனெக்டர் இருக்கின்றன! நாளைக்கு ஒரு சென்சார் செத்தால், 'தொழிற்சாலைப் புகை' என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்த முடியும். சாத்துவார்கள் என்று சொல்லவில்லை. சாத்துவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யலாம் என்கிற ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் கதை இதற்குத் தம்பி. பிஎஸ்-6 டீசல் வண்டி வாங்கினார். வீட்டிலிருந்து கம்பெனி இரண்டு கிலோமீட்டர், கம்பெனியிலிருந்து பள்ளிவாசல் ஒரு கிலோமீட்டர். இவ்வளவுதான் அவர் ஓட்டம். டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர், வண்டி சூடேறித் தொடர்ந்து வேகமாக ஓடினால்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். இவர் ஓட்டத்தில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரிந்தது. "ஹைவேல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்" என்றார்கள். பாவம் மனிதர், ஞாயிற்றுக்கிழமை தோறும் டீசல் போட்டு, பள்ளிகொண்டா டோல் கட்டி, வேலூர் வரை போய்த் திரும்பி வருகிறார். விற்றபோது இதை யாராவது சொன்னார்களா? "சின்ன ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம் பாய்" என்று சொல்ல ஒரு வாய் போதும். சொன்னால் அந்த வண்டி விற்காது.

"வெளியில காட்டினீங்களா?"

அந்தக் கேள்விக்கு வருகிறேன். அட்வைசர் பையன் அதைக் கேட்டதும் நான் ஏன் பயந்தேன்? வெளியே மெக்கானிக் தொட்டால் வாரண்டி செத்தது என்று நம் எல்லோருக்கும் மனதில் பதிந்து போயிருக்கிறது. பாய்க்கும் அப்படித்தான். அதனால்தான் இரண்டு நிமிடத்தில் குறையைக் கண்டுபிடித்தும் கையை எடுத்துக்கொண்டார்.

இந்தப் பயத்தை எதிர்த்து இந்தியாவில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. தனிமனிதர் ஒருவர் கொடுத்த புகாரில் தொடங்கி, 2011-ம் ஆண்டு வழக்காக இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. கார் கம்பெனிகள் அசல் உதிரிபாகங்களையும் கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல், தங்கள் டீலர்களிடமே வாடிக்கையாளரைக் கட்டிப்போடுகின்றன என்பது குற்றச்சாட்டு. 2014 ஆகஸ்ட் 25-ல் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ரூ.2,544.65 கோடி அபராதம் போட்டது. மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு எல்லாம் அந்தப் பட்டியலில். மறு வருடம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்க்குத் தனியாக ரூ.420 கோடி. அபராதத்தைவிட முக்கியம், ஆணையம் வாரண்டி பற்றிச் சொன்னது: வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி மெக்கானிக் செய்த தப்பான வேலையால்தான் சேதம் வந்தது என்றால், அந்தச் சேதத்துக்கு மறுக்கலாம்.

கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. தப்பு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. சட்டச் சண்டை அதற்கு மேலும் போனது. பத்து வருடத்துக்கு மேலாகியும், அந்த உத்தரவின் வாடை நம் ஊர் சர்வீஸ் கவுண்டர் பக்கம் அடிக்கவில்லை. அமெரிக்காவில் 1975-லேயே சட்டம் போட்டு, இந்தப் பிராண்டு பொருளைப் போட்டால்தான், இந்த இடத்தில் செய்தால்தான் வாரண்டி என்று கட்டுவதைத் தடுத்துவிட்டார்கள். இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தது. கார்களும் அதில் உண்டு. இணையதளம் இருக்கிறது, உரிமை இன்னும் கவுண்டருக்கு வரவில்லை.

இதற்காக மெக்கானிக் பாயிடமே எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்பாசடர் காலத்தில் ஸ்பேனரும் காதும் போதும். இன்றைக்கு ஏர்பேக்கிலிருந்து பிரேக் வரை சாஃப்ட்வேரில் ஓடுகிறது. கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் சில வேலைகள் நடக்காது. ஆலை மூடிக் கம்பெனியே நாட்டை விட்டுப் போனாலும் தலைவலி வேறு விதம். மறைமலைநகர் ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது அந்த வண்டி வைத்திருந்த நண்பர்கள் ஸ்பேர்ஸ் கிடைக்குமா என்று அலைந்ததை அருகில் இருந்து பார்த்தேன். சர்வீஸ் தொடரும் என்று கம்பெனி சொல்லியும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. என் வாதம் எங்கே சர்வீஸ் செய்வது என்பதல்ல. குறை யாருடையது என்று தீர்ப்புச் சொல்பவர் யார் என்பதுதான்.

இப்போதைக்குக் கார் விற்றவரே நீதிபதி. நார்மல் என்பதும் அவர் வாயில், வேர் அண்ட் டேர் என்பதும் அவர் வாயில். அவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் அங்கே போவது சுலபம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. என் காருக்கு 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழக்குக்கு முன்பே சமரசம் பேசிப் பார்ப்பார்கள். குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனதும் முதல் கேள்வி, "உற்பத்திக் குறைபாடு என்று நிபுணர் அறிக்கை இருக்கிறதா?" சோதனை தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் காரை எங்கே அனுப்புவது? தோலுக்கு அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1948-லிருந்து. ஒரு துண்டுத் தோலைக் கொடுத்தால் எத்தனை முறை மடித்தால் வெடிக்கும், எத்தனை முறை தேய்த்தால் சாயம் போகும் என்று எண்ணில் எழுதிக் கொடுப்பார்கள். கார் சொந்தக்காரன் போய் அப்படிக் கதவைத் தட்ட வேலூர் பக்கம் ஓரிடம் கிடையாது. 6,840 ரூபாய்க்கு நிபுணரைத் தேடி யார் அலைவார்கள்? யாரும் அலைய மாட்டார்கள். அது கார் கம்பெனிகளுக்கும் தெரியும்.

உச்ச நீதிமன்றமும் இரு பக்கமும் பேசியிருக்கிறது. கிளட்ச் கோளாறு வந்த ஒரு மாருதி வழக்கில், குறைபட்ட பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது, எனவே காரையே மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் தீர்ப்பு. டீலர் செய்த தப்புக்கு உற்பத்தியாளர் தானாகப் பொறுப்பாகிவிட மாட்டார் என்று 2021-ல் ஒரு டாடா மோட்டார்ஸ் வழக்கில் தீர்ப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் வாடிக்கையாளர் பந்து மாதிரி உருளுவார். ஆனால் 2022 ஏப்ரலில் வந்த ஹூண்டாய் கிரெட்டா தீர்ப்பை நான் இரண்டு முறை படித்தேன். டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து, ஏர்பேக் விரியவில்லை. ஏர்பேக் விரிய மோதலின் விசை போதவில்லை என்பது கம்பெனி வாதம். மோதும் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, புதுக் கார் கொடுக்கும்படி இட்ட உத்தரவை நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த நியாயம் ஏர்பேக்கோடு நிற்பானேன்? லிங்க் ராடுக்கும் நான் நிபுணன் இல்லையே.

நிரூபிக்க வேண்டியவர் செய்தவர்தான் என்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கொடுத்த தீர்ப்பு உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் வேலூர் பெயரைச் சொல்லி நடத்தப்படுகிறது. கெடுத்தவர் கட்ட வேண்டும் என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. இன்னொன்றும் உண்டு: தன் செயலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவர் மீதுதான். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நானும் அன்றைக்கு முணுமுணுத்தவன்தான். கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரைக் குடித்த விவசாயி, எந்த ஷாப்பின் குரோமியம் தன் கிணற்றுக்கு வந்தது என்று எப்படிக் காட்டுவான் என்று யோசித்தபோதுதான் அந்த வரியின் அர்த்தம் புரிந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த விதி, 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. பொருள் வாங்கிய ஓராண்டுக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் விற்றவர் நிரூபிக்கட்டும். ஷூவுக்கும் அதே விதி, காருக்கும் அதே விதி. என் கூடையில் கிடந்த ஷூக்களுக்குப் பின்னால் இருந்தது வெள்ளைக்காரன் நல்ல குணம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதுவும் சட்டம்தான், இதற்கு முந்தைய சட்டம். ஆம்பூரில் செய்த ஷூவை மியூனிக்கில் வாங்குபவருக்கு இருக்கும் பாதுகாப்பு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்த காரை வேலூரில் வாங்கும், அந்த ஷூவைச் செய்த ஆளுக்கு இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வாரண்டிக் காலத்துக்குள் ஜாப் கார்டில் ஏறிய குறை, கம்பெனியின் குறை என்றே கொள்ளப்பட வேண்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கம்பெனி காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். 'நார்மல்' என்பது காரணம் அல்ல. வாரண்டி புத்தகமும் ஜாப் கார்டும் தமிழில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் செய்து, தமிழ்நாட்டில் விற்கும் காருக்கு இதைக் கேட்பதற்குக்கூட ஒரு கட்டுரை வேண்டியிருக்கிறது. சோதனைக்கு, வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதன் மெக்கானிக்கல் துறைக்கு ஒரு லிஃப்டும் நான்கைந்து ஸ்கேனரும் வாங்கிக் கொடுத்து, நுகர்வோர் ஆணையம் கேட்டால் பதினைந்து நாளில் அறிக்கை தரும்படி செய்தால், மாணவர்களுக்கும் படிப்பாகும். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ரூ.9,000 கோடி ஆலைக்கு 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. தோல் மாவட்டம் கார் மாவட்டமும் ஆகிவருகிறது. ஆலைக்கு இடம் கொடுப்பதோடு, அதில் செய்த வண்டியைச் சோதித்துப் பார்க்கவும் ஓரிடம் கொடுக்கலாம்.

போன மாதம் மறுபடி சர்வீஸுக்கு விட்டேன். இந்த முறை வலது பக்கம் சத்தம். டேப்பை நீட்டியதும், "பேப்பர் கொடுப்பா" என்றேன். கஸ்டமர் வாய்ஸ் கட்டத்தில் நானே எழுதினேன்: 'வலது முன்சக்கரம். ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக இறங்கும்போது உரலில் வெற்றிலை இடிக்கும் சத்தம்.' பையன் படித்துவிட்டுச் சிரித்தான். "சிஸ்டம்ல தமிழ் ஏறாது சார்." பேப்பரில் ஏறும் தம்பி என்று சொல்லி, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இடது பக்கத்துப் பழைய லிங்க் ராடை அப்போதே கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அலமாரியில் இருக்கிறது. சென்ற வாரம் என்னோடு தரக்கட்டுப்பாட்டில் இருந்த பழைய சகா வந்தார். டீ வருவதற்குள் அதைக் கையில் எடுத்தார். என்னவென்று கேட்கவில்லை. தலைப்பக்கத்து மூட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார், லொட லொட என்றது. கீழே வைத்துவிட்டு, முப்பது வருடப் பழக்கத்தில், "ரிஜெக்ட்" என்றார்.